இரண்டு இழைக் கம்பியும் ஒரு முறைத் தண்ணீரும்

சண்டை நின்று வீதிகள் திறந்திருந்த காலம் அது. 2005ஆம் ஆண்டு ஆடி மாதம். சிறுபோக நெல் வயல்கள், கதிர் இன்னும் வெளிவராத குடலைப் பருவத்தில் நின்றன. இடம், வவுனியாவில் மன்னார் வீதியோரமாக, பூவரசங்குளத்துப் பக்கம் இருக்கும் எங்கள் வீடு. நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். இதை எழுதி முடிக்க எனக்கு எட்டு நாள் பிடித்தது. மகள் எழுத்துப் பிழைகளை மட்டும் திருத்தினாள். கதையில் கை வைக்க நான் விடவில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து கலியாணம் முடித்து இந்தக் குடியேற்றத் திட்டத்துக்கு வந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. கணவர் இறந்த பிறகு மூன்று ஏக்கர் வயலையும் நானே செய்தேன். வரம்பு கட்டுவேன், உரம் எறிவேன், விவசாயிகளின் கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில் ஆண்களோடு சரிக்குச் சரி நின்று கதைப்பேன். அதிலும் தண்ணீர்க் கதை என்றால் என்னை யாரும் வெல்ல முடியாது.

குளத்தில் தண்ணீர் குறைந்தால் எங்கள் வாய்க்காலில் முறை வைப்பார்கள். பத்து நாளைக்கு ஒரு தடவை ஒவ்வொருவருக்கும் ஒரு நேரம். உன் முறை முடிந்தால் உன் மடையை அடைத்துவிட வேண்டும். அடைக்காமல் விட்டால் கடைசி வயல்காரனுக்கு ஈரம்கூடப் போய்ச் சேராது. அப்படிச் செய்தவனுக்குத் தண்டனையும் உண்டு. அவனுடைய அடுத்த முறை, தண்ணீர் கிடைக்காமல் போனவனுக்குச் சேரும். அந்தச் சட்டத்தை மிகவும் கண்டிப்பாகப் பிடித்தவள் நான்தான். "மடையைத் திறந்துபோட்டு நித்திரை கொள்ளுறவனுக்குச் சோறு எதுக்கு?" என்று ஒருமுறை கூட்டத்தில் கேட்டேன். அதற்குப் பிறகு ஊரில் அது பழமொழி மாதிரி ஆகிவிட்டது.

அந்தச் சுற்றுவட்டாரத்தில் எங்கள் வீட்டில் மட்டும்தான் தொலைபேசி இருந்தது. கனடாவில் இருக்கும் மகன் எடுத்துத் தந்தது. ஊரில் பத்துப் பன்னிரண்டு வீட்டுக்காரர் எங்கள் இலக்கத்தைத்தான் தங்கள் இலக்கம் என்று வெளியூர்களுக்குக் கொடுத்திருந்தார்கள். போன் கோல் வந்தால் நான் வேலியடியில் நின்று கூப்பிடுவேன். ஒருநாள்கூட ஒருவருக்கும் வந்த கோலை நான் தவறவிட்டதில்லை. அதில் எனக்கு நல்ல பெருமை.

பிறகு மகன் கம்பியூட்டரும் அனுப்பினான். ஆசிரியையாக இருக்கும் என் இளைய மகள் அதைத் தொலைபேசிக் கம்பியில் கொளுவி இன்டர்நெட் எடுத்தாள். மாதத்துக்கு இத்தனை மணித்தியாலம் என்று அதற்கும் ஒரு அளவு. அளவு முடிந்தால் அடுத்த மாதம் வரை இருக்க வேண்டியதுதான். வேகமும் கிடையாது. ஒரு படம் வருவதற்குள் ஒரு பானை சோறு வடித்துவிடலாம்.

அந்த வாரம் மகன் ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். பேரன் முதன்முதலாக எழுந்து நடக்கிறானாம். நான் அவனைத் தொட்டுப் பார்த்ததில்லை. நாலு நாளாக மகளைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அன்று காலை அவள் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடும் நேரம் வழியை மறித்துக்கொண்டு நின்றேன்.

"அம்மா, பகலில ஓடாது. டவுனில எல்லாக் கந்தோரும் கடையும் திறந்திருக்கும். எல்லாரும் ஒரே நேரத்தில இழுக்கினம். விடிய நாலு மணிக்கெண்டா கெதியா வந்திடும்."

"நாலு நாளா இதைத்தானே சொல்லுறாய். ஒருநாளாவது நாலு மணிக்கு எழும்பினியோ?"

"இந்த மாசத்துக்கு இன்னும் ஆறு மணித்தியாலந்தான் கிடக்கு. இடையில அறுந்தா அவ்வளவும் வீண்."

"அப்ப அறாமல் விடு."

அவள் சிரித்துவிட்டாள். கம்பியூட்டர் முன் இருந்து ஏதோ தட்டினாள். திரையில் ஒரு வெறும் கோடு வந்தது. அது நீல நிறமாக நிரம்பி முடியும்போது வீடியோ வந்துவிடும், அதுவரை ஒன்றிலும் கை வைக்கக் கூடாது என்றாள். வாசல் படலைக்குப் போனவள் திரும்பிப் பார்த்து, "இது ஓடி முடியும் வரைக்கும் போன் வேலை செய்யாது அம்மா, விளங்குதோ?" என்றாள்.

"ஓமோம், எனக்கு விளங்கும். நீ பஸ்ஸை விடாத."

அவள் சொன்னது என் காதில் விழுந்தது. ஆனால் நான் நம்பவில்லை. எங்களுக்குக் கம்பி இழுக்க வந்த ஆள் அதன் தோலை உரித்தபோது நான் பக்கத்தில் நின்று பார்த்தவள். உள்ளே இரண்டு இழைகள் இருந்தன. ஒரு குளம், இரண்டு வாய்க்கால். இடதுகரையில் தண்ணீர் ஓடினால் வலதுகரை நின்றுவிடுமா? கம்பியூட்டருக்கு ஓர் இழை, கதைக்கு ஓர் இழை. மகள் படித்த பிள்ளைதான். ஆனாலும் வாய்க்காலைப் பற்றி எனக்கு அவள் படிப்பிக்கத் தேவையில்லை என்று நினைத்தேன்.

அவள் போய்ப் பத்து நிமிடம் இருக்காது, பின்வேலியில் "அக்கா!" என்று ஒரு குரல் கேட்டது. எங்கள் வயலுக்கு அடுத்த வயல்காரர். இடம்பெயர்ந்து எங்கெங்கோ இருந்துவிட்டு, பாதை திறந்த பிறகு திரும்பி வந்த முஸ்லிம் குடும்பம். என்னைவிடப் பத்து வயது இளையவர். நான் அவரைத் தம்பி என்றுதான் கூப்பிடுவேன். முழங்கால்வரை சேறு. கையில் மண்வெட்டி. கண் சிவந்திருந்தது.

"மகளை ராத்திரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிட்டம் அக்கா. பிள்ளை குறுக்க கிடக்காம். வெட்டித்தான் எடுக்க வேண்டி வருமோ எண்டு டொக்டர் யோசிக்கிறார். வெட்டினா ரத்தம் வேணுமாம்."

அவருடைய மகளுக்கு அரிதாகக் கிடைக்கிற இரத்த இனம். ஆஸ்பத்திரியிலும் அது இருப்பில் இல்லையாம். வீட்டில் தகப்பனுக்கு மட்டும்தான் அதே இனம். மனைவியும் மருமகனும் ஆஸ்பத்திரியில் நின்றார்கள். பத்து நாளைக்கு ஒரு தடவை வரும் தண்ணீர் முறை, அன்று காலை ஆறு மணியிலிருந்து பகல் இரண்டு மணி வரை அவருடையது. கதிர் வயிற்றில் இருக்கிற நெல்லுக்கு அந்த முறை தவறினால் போகமே பதராகிவிடும். மத்தியானம் வரை பார்க்கலாம் என்று டொக்டர் சொன்னதால் விடிய வந்து மடையைத் திறந்திருக்கிறார்.

"வெட்டுறதெண்டு முடிவெடுத்த உடன மருமகன் உங்கட நம்பருக்கு எடுப்பான். எடுத்தா..."

"நீ போய்த் தண்ணியைப் பார். கோல் வந்தா வேலியில என்ர சிவப்புச் சீலையைப் போடுவன். உன்ர வயலிலையிருந்து பார்த்தா தெரியும்."

"மறந்திடாதைங்கோ அக்கா."

எனக்குக் கோபம் வந்தது. "ஆரைப் பார்த்துச் சொல்லுறாய்? இத்தனை வருசத்தில ஒரு கோல் விட்டிருக்கிறனோ?"

"இல்லை அக்கா. அதுதானே உங்களிட்ட வந்தனான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சீலையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு கதிரையைத் தொலைபேசியடியில் இழுத்துப் போட்டு இருந்தேன். சமைக்கவும் போகவில்லை. ஒரு பக்கம் கம்பியூட்டர், ஒரு பக்கம் தொலைபேசி. இரண்டையும் காவல் காத்தேன். எட்டு மணி, ஒன்பது மணி. கோட்டில் கால்வாசி நீலம். போன் அடிக்கவில்லை. பத்து மணி. கோடு அப்படியே நின்றது, பிறகு ஒரு நூல் அளவு நகர்ந்தது. போன் அடிக்கவில்லை. அடிக்காததே நல்ல செய்தி என்று நினைத்தேன். பிள்ளை திரும்பியிருக்கும், வெட்டாமலே பிறக்கப் போகிறது. இடைக்கிடை எழுந்துபோய்ப் பின்வேலியில் நின்று பார்ப்பேன். அவரும் அங்கிருந்து என் வேலியைப் பார்ப்பார். நான் கையை விரித்துக் காட்டுவேன். அவர் குனிந்து மண்வெட்டியைப் போடுவார்.

பதினொரு மணிபோல ஒரு தடவை ரிசீவரைத் தூக்கிப் பார்ப்போமா என்று கை போனது. உள்ளே ஏதோ உறுத்தியது. ஆனால் ஒன்றிலும் கை வைக்கக் கூடாது என்று மகள் சொன்னாளே, அறுந்தால் அவ்வளவும் வீணாகுமே, பேரன் வருகிறானே என்று கையை எடுத்துவிட்டேன். அந்தக் கையை நினைத்து எத்தனை நாள் என்னையே ஏசியிருக்கிறேன்.

பன்னிரண்டு மணிக்குக் கிட்ட, வவுனியாவிலிருந்து செட்டிகுளம் போகும் பஸ் எங்கள் படலையில் நின்றது. கொண்டக்டர் இறங்கவில்லை. படியில் தொங்கிக்கொண்டே ஒரு துண்டை மதிலுக்குள்ளே எறிந்தார்.

"ஆஸ்பத்திரியடியில ஒரு பெடியன் அழாக்குறையாத் தந்தவன். கெதியாப் பாருங்கோவன்!"

பஸ் போய்விட்டது. துண்டை விரித்தேன். வீட்டில் வேறு யாரும் இல்லை. அவசரத்தில் எழுதிய கிறுக்கல். எழுத்துக் கூட்டுகிற எனக்கு அது சிங்களமா தமிழா என்றே முதலில் தெரியவில்லை. வெயிலில் நின்று விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினேன். கா... லை... காலை. ப... த்... து... பத்து. காலை பத்திலிருந்து. எடுக்கிறேன். அதற்கடுத்த சொல்லுக்கு எனக்கு நேரம் பிடித்தது. எங்... கேஜ். எங்கேஜ். லைன் கிடைக்கவில்லையாம். வெட்டப் போகிறார்கள். மாமாவை உடனே...

மிச்சத்தை வாசிக்கவில்லை. வாசிக்கத் தேவை இருக்கவில்லை. பத்து மணியிலிருந்து. நான் கையை விரித்துக் காட்டியது எத்தனை தடவை!

உள்ளே ஓடினேன். கோட்டில் இன்னும் நாலு விரல் அகலம்தான் வெள்ளை மிச்சம். கம்பியூட்டரில் கொளுவியிருந்த கம்பியைப் பிடித்து ஓர் இழுவை. அது கழன்று வந்த கையோடு, நான் நிமிரக்கூட இல்லை, தொலைபேசி அடித்தது.

எடுத்தேன். தம்பியின் மருமகன் பிள்ளைதான். ஆஸ்பத்திரிக்கு முன்னால் இருந்த தொலைபேசிக் கடையிலிருந்து கதைத்தான். "அம்மா, ரெண்டு மணித்தியாலமா எடுக்கிறன் அம்மா, மாமா எங்க, உள்ளுக்குக் கொண்டு போயிட்டினம்..." என்று ஒரே மூச்சில் சொன்னான். "அனுப்புறன், அனுப்புறன்" என்று மட்டும் சொன்னேன்.

பின்வேலிக்கு ஓடிச் சீலையை வீசினேன். அந்த நேரம் பார்த்து அவர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். வரம்பு உடைத்துக்கொண்டதாக்கும், குனிந்து மண் வெட்டிப் போட்டுக்கொண்டிருந்தார். நான் கத்திய கத்து குளக்கட்டு வரைக்கும் கேட்டிருக்கும். திரும்பினார். சிவப்பைக் கண்டார். மண்வெட்டி விழுந்தது தெரிந்தது. சேற்றுக்குள் விழுந்து எழும்பி ஓடி வந்தார்.

நான் முன்பக்கம் வீதிக்கு ஓடினேன். டவுனுக்குப் போகும் பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது. சைக்கிளில் போனால் வெயிலுக்குள் எப்படியும் ஒரு மணித்தியாலம். மன்னார்ப் பக்கமிருந்து ஒரு லொறி வந்தது. கையைக் காட்டினால் நிற்காது என்று தெரியும். சிவப்புச் சீலையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு நடுவீதியில் நின்றேன். பிரேக் அடித்த சத்தத்தில் காகங்கள் எல்லாம் எழும்பிவிட்டன. ஐஸ் தண்ணீர் ஒழுகும் மீன் லொறி.

"ஏன் ஆச்சி, சாகிறதுக்கு என்ர லொறிதான் கிடைச்சுதோ?"

"நான் சாகேல்ல. ஒரு பிள்ளை சாகக் கிடக்குது. தகப்பனை ஏத்து."

சாரதி, என் பின்னால் ஓடிவந்து நின்ற தம்பியைப் பார்த்தார். தலைமுதல் கால்வரை சேறு. வாயில் மூச்சு. மறுபேச்சுப் பேசாமல் கதவைத் திறந்தார். தம்பி ஏறும்போது வயல் பக்கம் திரும்பினார். அந்த நிலையிலும் ஒரு கமக்காரனுக்கு அது வரும், எனக்குத் தெரியும்.

"தண்ணியை நான் பார்க்கிறன். நீ போ!" என்றேன்.

லொறி போனதும் அவருடைய வயலில் இறங்கி, அவர் எறிந்துவிட்டுப் போன மண்வெட்டியை எடுத்தேன். இரண்டு மணி வரை ஒரு சொட்டு வெளியே போக விடவில்லை. உடைந்த வரம்பைக் கட்டினேன், மேட்டில் இருந்த வயல் வரவைக்குத் தண்ணீரைத் திருப்பினேன். இரண்டு மணிக்கு அவருடைய மடையை அடைத்தேன். அறுபத்து மூன்று வயது உடம்பு. ஆனால் நோவு தெரியவில்லை. ஒன்றுதான் திரும்பத் திரும்ப ஓடியது. வழியில் சோதனைச் சாவடியில் மீன் பெட்டி எல்லாவற்றையும் இறக்கச் சொன்னால்? இரண்டு மணித்தியாலம் முன்னமே அவர் போயிருந்தால்? அவருடைய மகள் இடம்பெயர முன்னம், சின்ன வயதில் எங்கள் கிணற்றில் தண்ணீர் அள்ள வருவாள். குடம் தூக்க மாட்டாமல் என்னைப் பார்த்துச் சிரிப்பாள்.

மகள் பள்ளிக்கூடத்தால் வந்து, சேற்றோடு தொலைபேசியடியில் நிலத்தில் இருந்த என்னைப் பார்த்துப் பயந்துபோனாள். சொன்னேன். அவள் ஏசவில்லை. "நான் சொன்னனான்தானே அம்மா" என்றுகூடச் சொல்லவில்லை. தேத்தண்ணீர் ஊற்றித் தந்தாள். குடிக்க முடியவில்லை.

நாலரை மணிக்குத் தொலைபேசி அடித்தது. அவர்தான்.

"அக்கா, பெண் பிள்ளை. ரெண்டு பேருக்கும் சுகம். அல்லாஹ் காப்பாத்தினான்."

அவரே சொன்னார். வெட்டத் தொடங்கியதும் இரத்தம் போன போக்கில் எல்லோரும் பயந்துவிட்டார்களாம். அங்கே வேலை செய்த ஒரு சிங்களத் தாதி, தனக்கும் அதே இரத்த இனம்தான் என்று கையை நீட்டியிருக்கிறா. முதல் போத்தல் அவவுடையது. அது முடிகிற நேரத்துக்கு இவர் போய்ச் சேர்ந்திருக்கிறார். இரண்டாவது இவருடையது.

"மீன் நாத்தம் அக்கா. ரத்தம் எடுத்தவ மூக்கைப் பொத்திக்கொண்டுதான் எடுத்தா" என்று சிரித்தார். பிறகு அவராகவே, "லைன் நெருக்கடியாம் அக்கா. இப்ப டவுனில எல்லாருக்கும் அப்பிடித்தானாம். மருமகன் சொன்னான்" என்றார்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "ஓம்" என்றேன்.

அந்த ஓம் என்னை எட்டு நாள் நித்திரை கொள்ள விடவில்லை. பொய் சொல்லிப் பழகாத வாய். அவர் மனைவி ஆஸ்பத்திரியால் வந்த அன்று, தண்ணீரைக் காத்துத் தந்ததற்கு இனிப்பு வட்டிலப்பம் கொண்டுவந்து தந்தா. அதை வாங்கி வைத்துவிட்டு, அவ போன பிறகு அடுப்படியில் இருந்து அழுதேன்.

என்னுடைய அடுத்த முறைக்கு முதல் நாள் வாய்க்காலடி மருத மரத்தின் கீழ் கூட்டம். மேல் வயல்காரர் ஒருவர் போன முறை மடையை அடைக்காமல் விட்டுவிட்டார் என்று முறைப்பாடு. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் சிரித்துக்கொண்டு, "அக்கா, உங்கட பழமொழியைச் சொல்லுங்கோவன்" என்றார்.

எழும்பினேன். மடையைத் திறந்துவிட்டு இருந்தவள் நான்தான் என்றேன். முதலில் யாருக்கும் விளங்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். பேரனுடைய படத்தையும், மகள் சொன்னதையும், கம்பிக்குள் கண்ட இரண்டு இழையையும், லைன் நெருக்கடி என்று அவர் சொன்னபோது நான் போட்ட ஓமையும் சொன்னேன். "நெருக்கடி டவுனில இல்லை. என்ர வீட்டில. ரெண்டு மணித்தியாலம் இந்தத் தம்பியின்ர முறையை நான் மறிச்சு வைச்சிருந்தனான். சட்டம் எல்லாருக்கும் ஒண்டுதான். நாளைக்கு என்ர முறை. அது அவருக்கு."

அவர் தலையைக் குனிந்துகொண்டு இருந்தார். வேண்டாம் அக்கா என்று சொல்லப் போகிறார் என்று எனக்குப் பயமாக இருந்தது. சொன்னால் அந்தப் பாரத்தை நான் எங்கே கொண்டுபோய் இறக்குவது?

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "உங்கட பேரன் நடந்தவனோ அக்கா?" என்று கேட்டார்.

"இன்னும் பார்க்கேல்ல. அறுந்துபோச்சு. மணித்தியாலமும் முடிஞ்சுது."

"ம்..." என்றார். பிறகு எழும்பி, உடுத்திருந்த சாரத்தில் மண்ணைத் தட்டினார். "முறையெண்டா முறைதான். நாளைக்கு ஆறு மணிக்கு உங்கட மடையை நான் அடைக்கிறன்" என்றார்.

அடைத்தார். ஒரு மனிதர் எனக்குச் செய்த பெரிய உதவி அதுதான் என்று இன்றுவரை நினைக்கிறேன். அந்தப் போகம் என் வயலின் மேட்டுக் கரை கருகிப் பதராகியது. கருகட்டும் என்று விட்டேன். அடுத்த மாதம் புது மணித்தியாலம் வந்ததும் மகள் விடிய நாலு மணிக்கு எழும்பி, ஊர் நித்திரையாக இருந்த நேரத்தில் வீடியோவை எடுத்துத் தந்தாள். பேரன் ஆறு அடி நடந்தான், விழுந்தான், கை தட்டினான். அவ்வளவுதான். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் இன்டர்நெட்டுக்கும் முறை வைத்தேன். விடிய நாலு மணியிலிருந்து ஐந்தரை மட்டும்தான். மற்ற நேரமெல்லாம் கம்பி ஊருக்கு.

பிறகு சண்டை திரும்ப வந்தது, போனது, எல்லாம் மாறிப்போனது. இப்போது வீட்டுக்கு வீடு போன். அந்தப் பெண் குழந்தை வளர்ந்து சைக்கிளில் என் படலையைத் தாண்டிப் போகும்போது மணி அடித்துவிட்டுப் போவாள். முன்பெல்லாம் என் வயலுக்குத் தண்ணீர் வரவில்லையென்றால், மேலே எவன் மறித்தான் என்று மண்வெட்டியோடு கிளம்புவேன். இப்போது முதலில் திரும்பி நடந்து, என் மடை அடைத்துக் கிடக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் அடுத்தவர் வரம்பில் கால் வைக்கிறேன்.